தூசி என்று மட்டும் சொன்னவர்

அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "யாரு இத ஜாஸ்தி பொழங்குறவங்க?" என்று கேட்டார். என் தங்கை செல்வியைக் காட்டினோம். "அவுங்கள வழக்கம்போல பண்ணச் சொல்லுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சிக்கச் சொல்லுங்க" என்றார். முக்கால் மணி நேரம் பார்த்தார். செல்வி அதைத் திறந்தாள், மூடினாள், போட்டோ பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. "எப்ப மெதுவாவுது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று அம்மா சொன்னாள். "அப்ப ஞாயித்துக்கிழமை வரேன்" என்று மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் பொதுவாகவே கோபக்காரன். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுடா" என்று அம்மா நாளுக்கு நாலு தடவையாவது சொல்வாள். அன்றும் சொன்னாள். "வந்தான், வேடிக்க பாத்தான், போய்ட்டான். இவனையெல்லாம் எவ சொல்லி கூட்டியாந்த?" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். செல்விக்கு மட்டும் கேட்கவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. என் வாய் போகிற வேகத்தைப் பார்த்தே நான் என்ன சொல்கிறேன் என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் மஞ்சக்குப்பத்தில் யாருக்குமே தெரிந்த மாதிரி இல்லை. கம்ப்யூட்டர்காரர் என்றுதான் சொல்வோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டையை எப்போதும் பேண்ட்டுக்கு வெளியே விட்டிருப்பார். அவரிடம் ஒரு ரெக்சின் பை இருந்தது. அதில் ஒரு பெயின்ட் பிரஷ், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற அழிரப்பர் ஒன்று. உள்ளே இருக்கிற மெமரிப் பட்டையை உருவி, அதன் பித்தளை மாதிரி மின்னுகிற பல்லை அந்த ரப்பரால் தேய்ப்பார். பெரும்பாலான வீட்டில் அதற்கே மெஷின் பாதி சரியாகிவிடும். மற்ற கடைக்காரர்களெல்லாம் வந்த உடனே "ஃபார்மேட் போட்டாத்தான் சார் சரிப்படும்" என்பார்கள். ஃபார்மேட் போட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. டெஸ்க்டாப்பில் நாம் சேர்த்து வைத்திருந்த கல்யாணப் போட்டோவும் முடிந்தது. இவர் ஃபார்மேட் போட்டு நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதெல்லாம் இல்லை. மெதுவாகிப்போன கம்ப்யூட்டருக்குப் பின்னால் வீட்டில் ஒரு ஆள் கட்டாயம் இருக்கும். யாரோ எதையோ இறக்கி வைத்திருப்பார்கள், எதையோ மறைத்து வைத்திருப்பார்கள், நல்லது என்று நினைத்து எதையாவது செய்திருப்பார்கள். அது யார் என்று அந்த மனிதர் சொல்லவே மாட்டார். எந்த வீட்டில் எது நடந்திருந்தாலும், வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"தூசிதாங்க."

எதிர் வீட்டு மாமி ஒருத்தி ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்து, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் பார்த்துப் பார்த்து அப்பி, ஒவ்வொன்றிலும் குங்குமம் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணிப் புகை வேறு. பெட்டி சூடாகித் தவழ ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் கேம் ஆடித்தான் கெட்டது என்று அவள் வீட்டுக்காரர் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாராம். கம்ப்யூட்டர்காரர் உள்ளே இருந்து சந்தனத்தைப் பொடிப் பொடியாகச் சுரண்டி எடுத்துப் பேப்பரில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "தூசிதாங்க" என்றிருக்கிறார். வாசலில் செருப்புப் போடும்போதுதான் மாமியிடம் மெதுவாக, "அடுத்த வருஷம் மேல வெச்சிக்கலாம்மா, சைடுல வேணாம்" என்றாராம். மாமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னதும் அந்த மாமிதான்.

ஆனால் எல்லோருக்கும் அது சிரிப்பாக இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இருந்தார். அவர் வீட்டு மெஷினையும் இவர்தான் பார்த்தார். ஒரே நேரத்தில் எட்டு அரட்டை ஜன்னல் திறந்திருக்குமாம். வாத்தியார் கேட்டதற்குத் தூசி என்றுவிட்டார். ரெண்டு மாதம் கழித்து வாத்தியார் மகள் ஒரு பையனோடு பாண்டிச்சேரி போய்ப் பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டாள். மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம் இவர் மொபெட்டை மறித்து, வாத்தியார் எல்லோர் எதிரிலும் சட்டையைப் பிடித்துவிட்டார். நானும் அங்கே நின்றேன்.

"தெரிஞ்சிதான இருந்த நீ? பொண்ண பெத்தவன் கேட்டேனேடா, தெரிஞ்சிருந்தும் சொல்லலியே?"

அவர் கையை விடுவித்துக்கொள்ளக்கூட முயற்சி செய்யவில்லை. "தூசிதாங்க இருந்திச்சி" என்றார்.

வாத்தியார் அறைந்தார். சும்மா சொல்லக்கூடாது, பலமான அறை. இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கீழே விழுந்த பிரஷைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். 'நல்லா வேணும். ஊமைக்கோட்டான்' என்றுதான் அன்று நினைத்தேன். இப்படி எல்லோர் வீட்டு ரகசியத்தையும் வயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் திரிவது எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஏன் இப்படி இருந்தார் என்று கேட்டால், ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் முன்னால் வேலையில் இருந்தாராம், யாரையோ காட்டிக்கொடுக்கச் சொன்னதால் வேலையை விட்டாராம். இன்னொருத்தர், அதெல்லாம் இல்லை, அவர் அப்பா ஸ்ரீமுஷ்ணத்தில் ஜோசியம் பார்த்தவர், பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது அந்த வம்சத்து வழக்கம் என்றார். எது நிஜமோ, நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

செல்வியைச் சிதம்பரத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளையும் அவளைப் போலத்தான், காது கேட்காது, பேச்சு வராது. நகை வேலையில் கெட்டிக்காரர். கல்யாணமான மறு வருஷம் மலேசியாவில் ஒரு நகைப் பட்டறையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். செல்வி எங்களோடு இருந்தாள். மற்றவர்கள் போனில் பேசிக்கொள்வார்கள். இவர்கள் என்ன செய்வார்கள்? இருவருக்கும் கைதான் வாய். எழுத்து இருவருக்குமே அவ்வளவாகக் கூடி வரவில்லை, குறுஞ்செய்தியில் நாலு வார்த்தை எழுதினால் மூன்று தப்பாக இருக்கும். அதற்காகத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, மேலே ஒரு வெப்கேமரா மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டருக்கு வருவார். அங்கே மணி எட்டரை. இருவரும் ஒரு மணி நேரம் கையால் பேசிக்கொள்வார்கள். செல்வி அன்று காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுவாள்.

கொஞ்ச நாளில் படம் உறைய ஆரம்பித்தது. நமக்கு என்றால் படம் நின்றாலும் குரல் வரும். அவளுக்குப் படம் நின்றால் நாக்கை அறுத்த மாதிரி. அவர் கேட்ட கேள்விக்கு இவள் சொன்ன பதில் அரை நிமிஷம் கழித்துப் போய்ச் சேரும். அதற்குள் அவர் வேறு எதையாவது கேட்டிருப்பார். சண்டை வந்தது. நான் ஆள் வைத்து மூன்று தடவை ஃபார்மேட் போட்டேன். திங்கள், செவ்வாயில் கடைக்காரன் வந்து பார்க்கும்போது மெஷின் குதிரை மாதிரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொள்ளும். "நீதான் கண்டதையும் அமுக்கிக் கெடுக்கிற" என்று செல்வி முகத்துக்கு நேரே விரலை நீட்டி அவளைத்தான் திட்டினேன். இல்லை இல்லை என்று கையை ஆட்டுவாள். நான் நம்பவில்லை.

மாப்பிள்ளை கிளம்பும்போதே செல்வி உண்டாகியிருந்தாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை முதலில், வலி ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை இல்லை, வேண்டாம் கவலை என்று கையை ஆட்டியிருக்கிறாள். அடுத்து அவர் கேட்டார், லீவு சொல்லியிருக்கிறேன், பிரசவத்துக்கு வரட்டுமா என்று. இவள் வா, வா என்று இரண்டு கையாலும் கூப்பிட்டாள். அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ உறைந்துபோன பழைய கை. இல்லை, வேண்டாம். அதோடு லைன் போய்விட்டது. அவர் லீவை ரத்து செய்துவிட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வரச் சொல்லியும் வரவில்லையே என்று இவள் கன்றிப்போய்க் கிடந்தாள். வேண்டாம் என்றுவிட்டாளே என்று அவர் அங்கே.

எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒன்பது நாள் இருந்தது.

அப்பன் முகம் பார்க்காமலேயே போய்விட்டது. சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டார் கரித்துக் கொட்டினார்கள். மாப்பிள்ளையிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'நீ வேண்டாம் சொன்னாய். இப்போ ஏன் அழுகை'. அதைப் பார்த்த அன்றுதான் நடந்தது என்ன என்று செல்விக்கே புரிந்தது. வா என்றுதான் சொன்னேன் என்று எழுத அவளுக்குத் தெரியும், எழுதினாள். அவர் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டு எழுத்தை யார் நம்புவார்கள்? கடைசியில் அவருடைய தம்பி சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு தடவை. அன்று படம் உறைந்தால் அவள் வாழ்க்கை அதோடு சரி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் அம்மா கம்ப்யூட்டர்காரரைக் கூட்டிவந்தாள். அவர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வந்தார். அதே நாற்காலி, அதே நாலடி. "இன்னிக்கி எங்க தலையெழுத்தே இதுலதான்யா இருக்குது, நீ இன்னா ஒக்காந்துனு கீற?" என்றேன். ஐந்தே முக்கால் ஆனது. யாரும் மெஷினைத் தொடவில்லை. பெட்டியின் முன்னால், மெஷின் உள்ளே வேலை செய்தால் மட்டும் மினுக்குகிற சின்னச் சிவப்பு விளக்கு தானாகத் துடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அவர் அந்த விளக்கைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், குடிக்க கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

அம்மா எழுந்தாள். "நீங்க ஒக்காருங்கம்மா, சார் கொண்டாருவாரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் போனேன். சொம்போடு திரும்பி வந்தபோது விளக்கு அடங்கியிருந்தது. அவர் பெட்டியைத் திறந்து சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா இருந்திச்சி?"

"தூசிதாங்க."

"தூசிக்கா இத்தினி மாசமா..." என்று ஆரம்பித்தேன். அவர், "இனிமே இந்த வைரஸ் பாக்குறதெல்லாம் நானே மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து பாத்துக்கறேன் சார். நீங்க தொடவேணாம்" என்றார். அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை முகம் வந்தது. இளைத்திருந்தார். செல்வி கையைத் தூக்கினாள், அங்கே அவர் கண் அந்தக் கையோடு கூடவே நகர்ந்தது. உறையவில்லை. கம்ப்யூட்டர்காரர் உடனே எழுந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்க சார், வெளில போவலாம். அவுங்க பேசறாங்க."

"அவ பேசறது யாருக்குக் கேக்கப்போவுது?"

"பாத்தா கேக்குதுல்ல" என்றார்.

அண்ணனாகப் பிறந்து இருபத்திநாலு வருஷமாக எனக்குத் தோன்றாதது அந்த ஆளுக்குத் தோன்றியது. வெட்கமாகப் போய்விட்டது. இருவரும் தெருவில் மொபெட் பக்கத்தில் நின்றோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. செல்வி வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. நேரே அவரிடம் போய்க் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டுவிட்டு வண்டியை உதைத்தார். மாப்பிள்ளை மூன்றாம் மாதம் ஊருக்கு வந்தார். மறுபடி போகவில்லை. சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் சின்னதாகப் பட்டறை போட்டார். அடுத்து ஒரு பையன் பிறந்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

நாலு வருஷம் போயிற்று. புது கம்ப்யூட்டர் வாங்கினேன். என் வழக்கப்படி நானே எல்லாம் செய்துவிட்டு, ஏதோ ஒன்று சரியாக வராமல் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வேலையெல்லாம் முடித்துவிட்டு வைரஸ் தேடுகிற புரோகிராமைத் திறந்து, அது தானாக ஓட நான் வைத்திருந்த நேரத்தை மாற்றினார்.

"ஏன் மாத்துறீங்க?"

"ஞாயித்துக்கெழம அஞ்சே முக்காலுக்குத்தான எப்பவும் வெக்கிறீங்க. அது வேணாம் சார்" என்றார்.

சொன்ன மறு நிமிஷம் அவர் கை மௌஸ் மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதர் வாய் தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எப்பவும். ஆமாம், எப்பவும். நான்தான். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குகிற மாதிரி, மாப்பிள்ளை வருவதற்குக் கால் மணி முன்னால் மெஷின் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்ளட்டும் என்று வைத்தது நான். கால் மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பழைய மெஷினில் அது இரண்டு மணி நேரம் ஓடி, படத்தை நகரவிடாமல் பண்ணியிருக்கிறது. செல்வி பயந்துகொள்ளப் போகிறாள் என்று, அது ஓடுவது திரையில் தெரியாதபடி டிக் போட்டதும் நான். ஒவ்வொரு தடவை ஃபார்மேட் போட்ட பிறகும் முதல் வேலையாக அதை மறுபடி வைத்ததும் நான். அவள்மேல் விரலை நீட்டியதும் நான்.

"ஏன்யா அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"சொல்லி?"

"அவகிட்ட சொல்லணும். நாளைக்கே போறேன்."

அவர் முதல் முறையாக என் கையைப் பிடித்தார். "வேணாம் சார். சொன்னா உங்க மூட்ட எறங்கிடும். எறக்கி வெச்சத அங்க யாராச்சும் தூக்கணும்ல? அந்தப் பொண்ணு பாவம் சார். சொல்லிடாதீங்க."

நான் கேட்கவில்லை. நான் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டேன்? மறுநாள் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்விட்டேன். வழியெல்லாம், என்னை அவள் அடித்தாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டால் போதும் என்றே இருந்தது. மாப்பிள்ளை பட்டறைக்குப் போயிருந்தார். பையன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். செல்வி என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே காபி போடட்டுமா என்று கையால் கேட்டாள். உட்கார் என்றேன்.

எனக்கு அவள் பாஷை அரைகுறைதான். தெரிந்த கையை வைத்துச் சொன்னேன். கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம். நான். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். படம் உறைந்தது என்னால். நீ இல்லை, நான்.

நீயா என்று கேட்டாள்.

நான்தான்.

இன்னொரு தடவை கேட்டாள், நீயா.

தலையை ஆட்டினேன். அவள் அடிக்கவில்லை, அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மன்னித்துவிடு என்று இரண்டு கையாலும் சொன்னேன். யாருக்குச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டவளிடம் எந்தக் கையால் மன்னிப்புக் கேட்பது? தோளைத் தொட்டேன். உதறினாள். என்ன செய்கிறேன் என்று தெரியாமல், வாய்விட்டு, "மன்னிச்சிடும்மா, அண்ணன மன்னிச்சிடும்மா" என்று கத்தினேன். பாயில் பையன் விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதான். அவன் அழுவது அவளுக்குத் தெரியவில்லை. அவனை அள்ளி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, அவள் கண்ணைத் திறக்கட்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.